திருகோணமலையில் ஒரு நிறுவனத்துக்கு மெய்நிகர் சேர்வர்கள்: முதன்முறை திட்டமிடுபவருக்கு

நடுத்தர அளவு நிறுவனமொன்றின் கணினி அறைக்குள் போனால் பெரும்பாலும் காண்பது இதுதான். மேசைக்கடியில் ஒரு பழைய டவரில் கணக்கு மென்பொருள். பக்கத்தில் இன்னொன்றில் ஊழியர் வருகையும் சம்பளமும். மூலையில் கோப்புகளைப் பகிரும் கணினி. இன்னும் ஒன்று விண்டோஸ் 7இல் ஓடுகிறது. அதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாததால் யாரும் தொடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் பலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பாவிப்பதில்லை. ஆனால் ஒன்று பழுதானால் அதன் வேலை முழுவதும் நின்றுவிடும்.

மெய்நிகராக்கம் என்பது இவற்றை ஒரே பலமான இயந்திரத்துக்குள் கொண்டுவருவது. ஹைப்பர்வைசர் என்ற அடித்தள மென்பொருள் அந்த இயந்திரத்தின் சீபியூ, ராம், டிஸ்க் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும். ஒவ்வொரு பங்கும் தனிக் கணினியாகவே நடந்துகொள்ளும். நாம் அதை வீஎம் (மெய்நிகர் இயந்திரம்) என்கிறோம். பெரிய ஐபிஎம் இயந்திரங்களில் இது 1960களிலேயே இருந்தது. இன்று விற்பனையாகும் எந்தச் சேர்வர் சீபியூவிலும் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வீ. பயோஸில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

புதிதாக இறங்குகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த ஹைப்பர்வைசர் நல்லது?" அதைப் பாதி வழியில் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது வேறு: எது நின்றால் எத்தனை மணித்தியாலத்துக்குள் எழுப்ப வேண்டும், அதை யார் எழுப்புவார்? ஐந்து பெட்டிகளில் இருந்ததை ஒன்றுக்குள் போட்டால், அந்த ஒன்று விழும்போது ஐந்தும் சேர்ந்தே விழும். உதிரிப்பாகமும் கம்பனிப் பொறியியலாளரும் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில் இருக்கும்போது அந்த நிறுத்தம் ஒரு மணித்தியாலத்தோடு முடியாது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு தீர்மானத்தையும் பழுதாகும் நாளை மனதில் வைத்தே எடுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தலைமை அலுவலகம் உட்துறைமுக வீதிப் பக்கம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களில் கிளைகள். மொத்தம் அறுபது ஊழியர். கணினிப் பொறுப்பில் ஒருவர், அவருக்கு ஓர் உதவியாள்.

முதலில் அளந்து பாருங்கள்

விலைக்கூற்று எடுக்கப் போவதற்கு முன் ஒரு முழு மாதம் அளவெடுங்கள். விண்டோஸில் பெர்ஃபோமன்ஸ் மொனிட்டர் கூடவே வருகிறது. லினக்ஸில் சார் என்ற கருவி போதும். சீபியூ எவ்வளவு ஓடுகிறது, ராம் உண்மையில் எவ்வளவு பாவனையில் இருக்கிறது, டிஸ்க்கில் எத்தனை எழுத்து-வாசிப்பு நடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பதியுங்கள். மாதக் கடைசியும் சம்பளக் கிழமையும் அதற்குள் வந்தே ஆக வேண்டும். சராசரியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நூறு அளவீடுகளில் தொண்ணூற்றைந்து எந்த அளவுக்குக் கீழ் இருக்கின்றனவோ, அந்த அளவையே கணக்குக்கு எடுங்கள்.

இலக்கங்களை விட முக்கியம், எது எதனோடு ஒட்டியிருக்கிறது என்பது. கணக்கு மென்பொருளுக்கு யூஎஸ்பி டொங்கிள் பூட்டு, அதாவது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் சிறு சாவி, இருக்கிறதா? இருந்தால் அந்த வீஎம் டொங்கிள் செருகிய இயந்திரத்தோடு கட்டுண்டுவிடும். நெற்வேர்க் ஊடாக டொங்கிளைக் காட்டும் சிறு கருவி வாங்கலாம், அல்லது மென்பொருள்காரரிடம் வேறுவகை உரிமம் கேட்கலாம். விரலடையாள இயந்திரம் எந்த ஐபி முகவரியைத் தேடுகிறது? பழைய டொட்-மற்றிக்ஸ் பிரிண்டர் எந்தக் கணினியின் முதுகில் செருகப்பட்டிருக்கிறது? அந்த விண்டோஸ் 7 இயந்திரத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த பத்து வருடக் கடிதங்களும் அவற்றுக்கான மாதிரிப் படிவங்களும் கிடக்கின்றனவா? இவற்றைப் பெட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது; அதோடு வேலை செய்கிறவர்களோடு இருந்து கதைத்தால்தான் தெரியும்.

கதைக்கும்போதே அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "இது நின்றால் எவ்வளவு நேரம் சமாளிப்பீர்கள்?" கணக்குப் பகுதிப் பெரியவர், "தம்பி, மற்ற நாள் ஒரு நாள் நிண்டாலும் கையால எழுதிச் சமாளிப்பம். மாதக் கடைசியில நிண்டால் சரிவராது" என்பார். அந்த ஒரு வசனத்துக்குள் உங்கள் வடிவமைப்பில் பாதி இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு இலக்கம் எழுதுங்கள். ஒன்று, எத்தனை மணித்தியாலத்துக்குள் எழும்ப வேண்டும். மற்றது, எவ்வளவு நேரத்துத் தரவை இழந்தால் தாங்கும். கணக்குக்கு 2 மணித்தியாலம், 15 நிமிடம் என்று வரலாம். கோப்புப் பகிர்வுக்கு 4 மணித்தியாலம், ஒரு நாள். பழைய விண்டோஸ் 7க்கு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. இந்தத் தாளில் முகாமையாளரின் கையொப்பத்தை வாங்குங்கள். பிறகு "ஏன் இரண்டு சேர்வர் கேட்கிறாய்?" என்று வரும்போது பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.

எவ்வளவு பலம் தேவை

நம் கற்பனை நிறுவனத்தில் எட்டு வீஎம் வருகின்றன என்று வைப்போம். ஊழியரின் உள்நுழைவையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் இரண்டு டொமைன் கொன்ட்ரோலருக்குத் தலா 4 ஜீபி ராம், கணக்குத் தரவுத்தளத்துக்கு 24, சம்பளத்துக்கு 8, கோப்புப் பகிர்வுக்கு 8, உள் வலைச் செயலிக்கு 8, பழைய விண்டோஸ் 7க்கு 4, கண்காணிப்புக்கு 4. கூட்டினால் 64 ஜீபி. வளர்ச்சிக்கு முப்பது வீதம் சேர்த்தால் ஏறத்தாழ 83. ஹைப்பர்வைசருக்கும் சேமிப்பகக் கேஷுக்கும் 20 ஒதுக்கினால் 103. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 128 ஜீபி. ராமை இருப்பதற்கு மேல் பங்கிட்டுக் கொடுக்க ஹைப்பர்வைசர் விடும். ஆனால் கொடுக்காதீர்கள். ராம் போதாமல் டிஸ்க்கில் தங்கத் தொடங்கினால் எட்டு வீஎம்மும் ஒன்றாக இழுபடும்.

சீபியூவில் அப்படி இல்லை. அங்கே கொஞ்சம் தாராளமாகப் பங்கிடலாம். எட்டு வீஎம்முக்கும் மொத்தம் 24 மெய்நிகர் கோர் என்றால் 16 கோர் கொண்ட ஒற்றைச் சீபியூ தாராளம். சாதாரண அலுவலக வேலைக்கு ஒரு கோருக்கு நாலு மெய்நிகர் கோர் வரை போகலாம் என்பது பொதுவான அளவுகோல். ஒரு வீஎம்முக்குத் தேவைக்கு மேல் கோர் கொடுப்பதால் அது வேகமாகாது. பல கோர்களை ஒரே நேரத்தில் திட்டமிட்டுக் கொடுக்கும் பாரம் ஹைப்பர்வைசரில் ஏறுகிறது, மற்ற வீஎம்கள் காத்திருக்கின்றன. இரண்டில் தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டுங்கள்.

டிஸ்க்: இன்றைய மொத்தம் 2130 ஜீபி. வருடம் 20 வீதம் வளர்ந்தால் மூன்று வருடத்தில் ஏறத்தாழ 3680. எண்பது வீதத்துக்கு மேல் நிரப்பாமல் வைக்க வேண்டும். ஆகவே 4600 ஜீபி பயன்படு இடம். 3.84 டீபி எஸ்எஸ்டி நாலை இரண்டு சோடிக் கண்ணாடியாக, அதாவது சோடியின் இரண்டிலும் ஒரே தரவு இருக்கும்படி, கட்டினால் 7.68 டீபி கிடைக்கும். மீதி இடம் பிற்கால வளர்ச்சிக்கு. சேர்வரில் டிஸ்க் துளைகள் சில காலியாக இருக்கும்படி வாங்குங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: மின் இழப்புப் பாதுகாப்பு உள்ள சேர்வர் ரக எஸ்எஸ்டி. மின் திடீரென்று போனால் உள்ளே எழுதிக்கொண்டிருந்ததை முடிக்கும் அளவுக்கு அதற்குள் மின்தேக்கி இருக்கும். மேசைக் கணினிக்கு விற்கும் மலிவான எஸ்எஸ்டிக்கு அது இல்லை, தரவுத்தளத்தின் தொடர்ச்சியான எழுத்தில் அது சீக்கிரம் தேய்ந்தும் போகும். டிஸ்க்குகளைத் தானே சேர்த்து நிர்வகிக்கும் கோப்பு முறையான இசட்எஃப்எஸ் பாவிப்பதென்றால், அதே வேலையைச் செய்யும் ரெயிட் கார்ட்டை இடையில் வைக்காதீர்கள். டிஸ்க்குகளை நேரடியாக அது பார்க்க வேண்டும். ரெயிட் கார்ட் பாவிப்பதென்றால் அதன் கேஷுக்குப் பற்றரிப் பாதுகாப்பு இருக்கட்டும். இரண்டில் ஒன்று, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்க வேண்டாம்.

ஒன்றா, இரண்டா, மூன்றா

ஒரே ஒரு சேர்வர் என்பது கணக்கு 2 மணித்தியாலத்துக்குள் எழும்ப வேண்டிய நிறுவனத்துக்குச் சரிவராது. மதர்போர்ட் போனால் புதியது வரும்வரை காத்திருக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் "அடுத்த வேலை நாள்" என்று போட்டிருக்கலாம். அது கொழும்புக்கா, திருகோணமலைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் பரிந்துரை: ஒரே மாதிரியான இரண்டு சேர்வர். ஒவ்வொன்றும் தனியே எட்டு வீஎம்மையும் தாங்கும் அளவு. சாதாரண நாளில் சுமையைப் பாதி பாதியாகப் பிரித்து ஓடவிடுங்கள். மேலே சொன்ன 128 ஜீபியும் 7.68 டீபியும் ஒவ்வொரு சேர்வருக்கும்தான். அதைப் பாதியாக்கி மிச்சம் பிடித்தால் இரண்டாவது சேர்வர் வாங்கியதன் பயனே இல்லை.

இரண்டையும் இணைக்கும் விதத்தில் பலர் குழம்புவார்கள். பொதுச் சேமிப்பகப் பெட்டி ஒன்றை வாங்கி இரண்டு சேர்வரையும் அதில் தொங்கவிடச் சொல்லி விற்பனையாளர்கள் ஊக்குவிப்பார்கள். அந்தப் பெட்டி ஒன்றுதான் இருக்கும். அது விழுந்தால் இரண்டு சேர்வரும் வெறும் இரும்பு. சிறிய நிறுவனத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு சேர்வரிலும் சொந்த டிஸ்க். 15 நிமிடத்துக்கொருமுறை ஒன்றின் வீஎம்கள் மற்றதற்குப் பிரதியாகட்டும். கையொப்பம் வாங்கிய தாளில் கணக்குக்கு 15 நிமிட இழப்பு தாங்கும் என்று இருந்ததல்லவா, அது இந்த இடைவெளியோடு பொருந்துகிறது. மூன்று சேர்வர் வாங்கப் பணம் இருந்தால் செஃப் போன்ற பகிர்ந்த சேமிப்பகத்தைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு வேகமான நெற்வேர்க்கும் அதை விளங்கிப் பராமரிக்க ஆளும் வேண்டும்.

இரண்டு சேர்வர்க் கொத்தில் ஒரு சிக்கல்: நடுவில் கேபிள் அறுந்தால் "மற்றவன் இறந்துவிட்டான்" என்று இரண்டுமே நினைத்துக்கொண்டு ஒரே வீஎம்மை இரு இடத்திலும் எழுப்பினால் தரவு குழம்பிவிடும். அதைத் தடுக்க, எந்தச் சேர்வர் தொடர்வது என்று தீர்மானிக்கும் மூன்றாவது வாக்கு தேவை. பேக்கப் இயந்திரத்திலேயே அந்த வாக்கைக் கொடுக்கும் சிறு சேவையை ஓடவிடலாம். அதோடு, கணக்குத் தரவுத்தளத்தை மறுசேர்வரில் தானாக எழும்பும்படி விடாமல், ஓர் ஆள் பார்த்து முடிவெடுக்கும்படி வைக்கும்படி சொல்வேன். தானாக எழும்பினால் கடைசிப் பதினைந்து நிமிடப் பதிவுகள் ஒருவருக்கும் சொல்லாமல் போய்விடக்கூடும்.

எந்த ஹைப்பர்வைசர்

2023 நவம்பரில் ஈஎஸ்எக்ஸ்ஐ என்ற ஹைப்பர்வைசரைச் செய்யும் வீஎம்வெயார் நிறுவனத்தை பிராட்கொம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. 2024 தொடக்கத்தில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயும் நின்றது. 2025 ஏப்ரலில் திரும்ப வந்தாலும், வருடா வருடம் டொலரில் கட்டும் சந்தா சிறு நிறுவனத்துக்குப் பாரம். 2022இல் ரூபா எப்படி விழுந்தது என்பதைக் கண்ட எவரும் அந்தப் பாரத்தை யோசிக்காமல் ஏற்கமாட்டார்.

ஹைப்பர்-வீ விண்டோஸ் சேர்வரோடு சேர்ந்து வருகிறது. உங்கள் ஆட்கள் விண்டோஸ் மட்டுமே அறிந்தவர்கள் என்றால் அது நியாயமான தெரிவு. ப்ராக்ஸ்மொக்ஸ், லினக்ஸ் கருவுக்குள் 2007இலிருந்து இருக்கும் கேவிஎம்மின் மேல் கட்டப்பட்ட திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை. ஆதரவு வேண்டுமானால் பணம் கொடுத்து வாங்கலாம். மேலே சொன்ன பிரதியெடுப்பு, மூன்றாவது வாக்கு, பேக்கப் எல்லாம் அதற்குள் வருகின்றன. லினக்ஸ் கட்டளை வரியைக் கண்டு பயப்படாத ஒருவர் இருந்தால் நான் இதையே எடுப்பேன். இன்னொரு திறந்த மூல ஹைப்பர்வைசரான எக்ஸ்சிபி-என்ஜியும் நல்லதுதான். ஆனால் பழுதான நாளில் தொலைபேசியில் கேட்க ஆள் இருப்பது முக்கியம், நம் ஊரில் ப்ராக்ஸ்மொக்ஸ் தெரிந்தவரைத் தேடிப்பிடிப்பது அதைவிடச் சுலபம்.

விண்டோஸ் சேர்வர் உரிமம் தனிக்கதை. ஒரு சேர்வரிலுள்ள எல்லாக் கோருக்கும், குறைந்தது 16 கோருக்கு, ஸ்டாண்டர்ட் பதிப்பு வாங்கினால் இரண்டு விண்டோஸ் சேர்வர் வீஎம் ஓட்டலாம். நமக்கு விண்டோஸ் சேர்வர் வீஎம்கள் நாலு: இரண்டு டொமைன் கொன்ட்ரோலர், கணக்கு, சம்பளம். அப்படியென்றால் ஒரு சேர்வருக்கு இரண்டு தொகுதி. பழுதான நாளில் நாலும் ஒரே பக்கம் வரக்கூடும் என்பதால் மற்றச் சேர்வருக்கும் அதே இரண்டு. கோப்புப் பகிர்வையும் வலைச் செயலியையும் லினக்ஸில் ஓட்டினால் மூன்றாவது தொகுதி தேவையில்லை. ஊழியர் எண்ணிக்கைக்கான அணுகல் உரிமத்தையும் விலைக்கூற்றில் சேர்க்கச் சொல்லுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

நெற்வேர்க்

ஒரே நெற்வேர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது வீலான். நாலு வீலான் போதும்: ஹைப்பர்வைசர் முகாமைத்துவத்துக்கு ஒன்று, வீஎம்களுக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று, சிசிடிவி மற்றும் விரலடையாள இயந்திரங்களுக்கு ஒன்று. முகாமைத்துவ வீலானுக்குள் ஊழியர் கணினிகள் எதுவும் எட்டக்கூடாது. இரண்டு சேர்வருக்கும் இடையே 10 கிகாபிற் கேபிள் ஒன்றை நேரடியாகவே போடுங்கள், சுவிட்ச் தேவையில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் கேபிள் இழுப்பதென்றால் ஃபைபர்தான். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் மின்னல் விழும்போது வெளியால் போகும் செப்புக் கேபிள் சுவிட்ச்சின் வாயை எரித்துவிடும்.

அறை, உப்பு, வெப்பம், கரண்ட்

பிற ஊர்களுக்காக எழுதிய கையேடுகளில் இந்தப் பகுதி அரைப்பக்கத்தில் முடியும். நமக்கு அது போதாது.

கடற்பக்கக் கட்டடத்தில் ஐந்து வருடம் ஓடிய கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். தூசி பறக்காது, ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கார்ட்டுகளைப் பிடிக்கும் தகட்டில் பழுப்புப் பொட்டுகள். ஆணி சுரையோடு சேர்ந்து துருப்பிடித்துத் திரும்ப மறுக்கும். செப்பு தெரியும் இடங்களில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றும் ஈரப்பதனும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஆகவே சேர்வர் அறைக்குக் கடலைப் பார்த்த யன்னல் வேண்டாம். இருந்தால் அடைத்துப் பூசிவிடுங்கள். கதவுக்கு ரப்பர் ஓரம், முடிந்தால் கட்டடத்தின் நடுவில் அல்லது தரைப்பக்கம் உள்ள அறை. ஏசியின் வெளிப்பெட்டியைத் தரைப்பக்கச் சுவரில் மாட்டுங்கள், கடற்பக்கம் மாட்டினால் அதன் செதில்கள் சீக்கிரம் பொடியாகும். ரேக்கைத் தரையோடு வைக்காமல் உயர்த்திக் கட்டுங்கள். 2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரை மறக்கவில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. மேல்மாடி அறை கிடைத்தால் அதை எடுங்கள், ஆனால் கூரைத் தகட்டுக்கு நேர்கீழ் வேண்டாம்.

வெப்பத்துக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு சேர்வர் தலா 300 வாற், பேக்கப் இயந்திரம் 100, சுவிட்ச்சும் ரவுட்டரும் 80: மொத்தம் 780 வாற். அவ்வளவும் வெப்பமாக அறைக்குள் வரும். 3.412ஆல் பெருக்கினால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2660 பீடியூ. சுவர் வழியாகவும் ஆட்களாலும் வரும் சூட்டையும் சேர்த்தாலும் 12,000 பீடியூ ஏசி ஒன்று போதும். ஆனால் இரண்டு வாங்கி மாறி மாறி ஓடவிடுங்கள். ஒன்று நின்றால் மற்றது இருக்கும். சேர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்று 18இலிருந்து 27 பாகைக்குள் இருந்தால் நல்லது. அளவைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் வெப்பமானி ஒன்றை முன்பக்கத்தில் கட்டாயம் மாட்டுங்கள்.

யூபிஎஸ் வாங்கும்போது வீஏ இலக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாற் இலக்கத்தைப் பாருங்கள். ஜெனரேற்றரின் கரண்ட் ஆடும் இடங்களில் ஒன்லைன் வகை யூபிஎஸ்தான் தாங்கும். 3000 வீஏ, 2700 வாற் அளவில் ஒன்று நம் 780 வாற்றுக்குத் தாராளம். அதன் பற்றரியையும் குளிரான இடத்தில் வையுங்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்துப் பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

இப்போது முக்கியமானது. கரண்ட் போனால் யூபிஎஸ் சேர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. மூடிய அறையில் 780 வாற் சூடு ஏறிக்கொண்டே போகும். வைகாசி மதியத்தில் பற்றரி தீர்வதற்கு முன்னரே அறை கொதிக்கத் தொடங்கும். ஆகவே ஜெனரேற்றர் இணைப்பில் ஏசியும் இருக்க வேண்டும். ஜெனரேற்றர் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒழுங்காக அணையும்படி வையுங்கள். நட் என்ற இலவச மென்பொருள் யூபிஎஸ்ஸோடு பேசி அதைச் செய்யும்: முதலில் செயலிகள், பிறகு தரவுத்தளம், பிறகு டொமைன் கொன்ட்ரோலர், கடைசியாகச் சேர்வர். எழும்பும்போது நேர் எதிர் வரிசை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. மின்வெட்டு இங்கே விதிவிலக்கான நிகழ்வு அல்ல என்று எடுத்துக்கொண்டு வடிவமையுங்கள்.

அந்த எழும்பும் வரிசையில் ஒரு முடிச்சு உண்டு. ஹைப்பர்வைசருக்குள் நுழையும் கடவுச்சொல் டொமைன் கொன்ட்ரோலரைக் கேட்டால், அந்தக் கொன்ட்ரோலரோ அதே ஹைப்பர்வைசருக்குள் வீஎம்மாகத் தூங்கினால், நீங்கள் வாசலிலேயே நிற்பீர்கள். ஹைப்பர்வைசருக்குச் சொந்தக் கடவுச்சொல் இருக்கட்டும். சேர்வர்கள் ஒன்றையொன்று பெயரால் தேடாமல் ஐபி முகவரியால் அறியட்டும். கடவுச்சொற்களின் அச்சுப்பிரதி ஒன்று உறையிலிட்டு முகாமையாளரின் பெட்டகத்தில் இருக்கட்டும்.

பேக்கப்

ஸ்னாப்ஷொட், அதாவது வீஎம்மின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது, பேக்கப் அல்ல. அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. மற்றச் சேர்வருக்குப் போகும் பிரதியும் பேக்கப் அல்ல. யாரோ கோப்பை அழித்தாலோ மிரட்டல் வைரஸ் பூட்டினாலோ 15 நிமிடத்தில் அந்தப் பிரதியும் அப்படியே ஆகும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் சரியானது.

தனியான பேக்கப் இயந்திரம் ஒன்றை வேறொரு அறையில் வையுங்கள். அதை டொமைனில் சேர்க்காதீர்கள். வேறு கடவுச்சொல். சேர்வர்கள் அதற்குள் எழுதலாம், பழையதை அழிக்கக்கூடாது. அழிக்கும் உரிமை அந்த இயந்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். ப்ராக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வர் மாறிய பகுதியை மட்டும் எடுத்து, ஒரே மாதிரியானதை ஒருமுறையே சேமிப்பதால் இடமும் நேரமும் மிச்சம். கணக்கை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மற்றவற்றை இரவில்.

வேறிடம் எது? உவர்மலையில் ஒரு வீடு கடல்நீருக்கு எட்டாத உயரம்தான், ஆனால் அதே புயல் அங்கேயும் அடிக்கும். நம் நிறுவனத்துக்குக் கந்தளாயில் கிளை இருக்கிறது. திருகோணமலை நகரிலிருந்து வீதியால் சுமார் 40 கிலோமீற்றர் உள்ளே. அது நல்ல தெரிவு, குளத்தின் அணைக்கு நேர்கீழ்த் தாழ்நிலமாக இல்லாதவரை. 1986 ஏப்ரலில் அந்த அணை உடைந்ததை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கந்தளாய்க்கு அனுப்பும் முதற்பிரதியை இணைய வழியாக அனுப்பப் பார்க்காதீர்கள். 20 மெகாபிற் ஏற்றுவேகத்தில் 2 டீபி போய்ச்சேர ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். டிஸ்க்கில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோங்கள். அதன்பின் நாளாந்த மாற்றம் 20 ஜீபி என்றால் இரண்டேகால் மணித்தியாலத்தில் இரவோடிரவாகப் போய்விடும். வெளியே போகும் பிரதி மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும். ஊழியரின் சம்பள விபரமும் அடையாள அட்டை இலக்கமும் அதற்குள் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கான பொறுப்பை நிறுவனத்தின்மேல் வைக்கவே இயற்றப்பட்டது. மறைகுறித் திறவுகோலைச் சேர்வருக்குள் மட்டும் வைத்திருந்தால் சேர்வரோடு அதுவும் போகும். அதையும் பெட்டகத்து உறைக்குள் அச்சடித்து வையுங்கள்.

இடம் மாற்றுதல்

ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்ற நினைக்காதீர்கள். முதலில் கண்காணிப்பு வீஎம், பிறகு கோப்புப் பகிர்வு. ஒரு மாதம் அது நிம்மதியாக ஓடிய பிறகு சம்பளம். கணக்கை மாதத்தின் இரண்டாவது கிழமையில் எடுங்கள். மாதக் கடைசிக்கு இடைவெளி இருக்கும். டொமைன் கொன்ட்ரோலரை அப்படியே நகலெடுக்க வேண்டாம். புதிய வீஎம்மில் புதிதாக நிறுவி இணைத்து, பழையதை முறைப்படி விலக்குங்கள். நேரத்தை அது ஹைப்பர்வைசரிடம் வாங்காமல் வெளி நேரச் சேர்வரிடம் வாங்கட்டும்.

விண்டோஸ் 7 பெட்டியைப் புதிதாக நிறுவ முடியாது. நிறுவல் தட்டே இருக்காது. டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவியால் அதன் டிஸ்க்கை அப்படியே கோப்பாக்கி வீஎம்முக்குள் கொண்டுவரலாம். முதலில் சாட்டா டிஸ்க்காகவே எழுப்புங்கள். எழும்பிய பிறகு வீஎம்களுக்கென்றே செய்த விர்ட்ஐஓ ட்ரைவர் போட்டு மாற்றுங்கள். நேரடியாக மாற்றினால் நீலத் திரைதான் வரும். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டதால் இணையத்துக்குப் போகும் வழியை முழுவதும் அடைத்து, தேவையான இரண்டு மூன்று கணினிகளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுங்கள். பழைய பெட்டிகளை அணைத்து ஒரு மாதமாவது அலுமாரியில் வையுங்கள். யாராவது "அந்தக் கோப்பு எங்கே" என்று கேட்டு வருவார்கள்.

கையளிக்கும் முன்

சனிக்கிழமை ஒன்றில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஒரு சேர்வரின் மின் கேபிளை உருவுங்கள். மற்றதில் கணக்கை எழுப்பும் வேலையை உதவியாள் செய்யட்டும். உங்கள் கையில் தாள் இருக்கக்கூடாது, அவர் கையில் இருக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் தாளில் திருத்துங்கள். அதே நாளில் கந்தளாய்ப் பிரதியிலிருந்து சம்பள வீஎம் ஒன்றைத் தனிவீலானில் மீட்டு, கணக்குப் பகுதிப் பெரியவரைக் கூப்பிட்டுச் சென்ற மாதச் சம்பளப் பட்டியலைத் திறந்துபார்க்கச் சொல்லுங்கள். திறக்க எடுத்த நேரத்தைக் கையொப்பமிட்ட தாளிலுள்ள இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கூடியிருந்தால் எது தாமதித்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, அடுத்த சனிக்கிழமை திரும்பச் செய்யுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறொரு வீஎம்.